பூக்குளிரில் கூட்டாஞ்சோறு: டோக்கியோவில் சகுரா மரத்தடியில் ஒரு முழுப் பகல் உட்கார வழிகாட்டி

மார்ச் கடைசியில் ஊருக்குப் போன் போட்டால் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. பங்குனி பிறந்ததுமே மண்டையைப் பிளக்கிறது, மின்விசிறிக் காற்றே அனலாக வருகிறது என்பார் அம்மா. அதே நாளில் இங்கே டோக்கியோவில் தெருவுக்குத் தெரு சகுரா என்கிற செர்ரி மரம் பூத்து நிற்கும். படம் எடுத்து அனுப்பினால் ஊரில் இருப்பவர்களுக்கு இதமான வசந்தம் போலத்தான் தெரியும், ஆனால் அந்த மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் பல் தந்தியடிக்கும். பகலில் 14, 15 டிகிரி, விடிகாலையில் 5, 6 டிகிரி, மேகம் மூடிய நாளென்றால் பகலிலேயே 10-ஐத் தாண்டாமல் போவதும் உண்டு. பூக்காலத்தில் திரும்பி வந்து எட்டிப் பார்க்கும் இந்தக் குளிருக்கு ஜப்பானியர்கள் ஹனபியே என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். தமிழில் பூக்குளிர் என்று வைத்துக்கொள்வோம்.

நான் இங்கே வந்த முதல் வருஷம் அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நீலத் தார்ப்பாய், நாலு பாக்கெட் சிப்ஸ், குளிர்ந்த ஜூஸ் என்று எடுத்துக்கொண்டு போனோம். நாற்பது நிமிஷத்தில் எல்லோரும் எழுந்துவிட்டோம். மேலே காற்று அவ்வளவாக இல்லை, குளிர் முழுக்கத் தரையிலிருந்துதான் ஏறியது. அதற்கப்புறம் வருஷா வருஷம் போய், ஒவ்வொரு குறையாகத் திருத்தி, இப்போது எங்கள் கூட்டம் எட்டுப் பத்துப் பேராகக் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மாலை நான்கு வரை எழுவதில்லை. அந்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. குளிர் குறையட்டும், அப்புறம் போகலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குளிர்தான் பூவை மரத்தில் பிடித்து வைக்கிறது. வெயில் ஏறி 20 டிகிரியைத் தொட்டு இரண்டு மூன்று நாள் நின்றால், பூ அவசர அவசரமாக விரிந்து கொட்டிவிடும். நாம் ஸ்வெட்டரோடு உட்காரும் நாட்கள்தான் பூ அதிகம் தங்கும் நாட்கள்.

நாள் குறிப்பது

டோக்கியோவில் நீங்கள் பார்க்கும் சகுராவில் பெரும்பாலானவை சோமேய் யோஷினோ என்ற ரகம். எடோ காலம் என்கிற ஷோகுன்களின் ஆட்சிக் காலத்தின் (ஷோகுன் என்றால் நாட்டை ஆண்ட படைத்தலைவர்) கடைசிப் பகுதியில், இன்றைய கொமாகொமே ஸ்டேஷன் பக்கம் இருந்த சோமேய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பியது. இதை விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுமாங்கன்று மாதிரி ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். அதனால் எல்லா மரமும் ஒரே மரத்தின் மறுபதிப்பு. ஒரே தட்பவெப்பத்துக்கு ஒன்றாக மொட்டவிழும், ஒன்றாக உதிரும். ஊரே ஒரு வாரத்தில் வெளுத்து நிற்பதும் அடுத்த வாரமே வெறும் பச்சையாவதும் இதனால்தான்.

கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு. முதலாவது கைகா. யாசுகுனி ஆலய வளாகத்தில் வானிலைத் துறையின் மாதிரி மரம் ஒன்று இருக்கிறது, அதில் ஐந்தாறு பூ விரிந்ததும் டோக்கியோவில் பூத்தாயிற்று என்று அறிவிப்பார்கள். அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதும், ஊழியர் கழுத்தை அண்ணாந்து பூ எண்ணுவதைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று பார்ப்பதும் வருஷம் தவறாமல் நடக்கும். இரண்டாவது மன்காய், அதே மரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் விரிந்த நிலை. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் சுமார் ஒரு வாரம் இடைவெளி, குளிர் விழுந்தால் அதற்கு மேலும் ஆகும்.

முன்கூட்டியே தேதி கணிக்கும் வேலையை வானிலைத் துறை 2010-லிருந்து தனியார் வானிலை நிறுவனங்களுக்கு விட்டுவிட்டது, அவர்களுடைய கணிப்பு வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருக்கும். நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், 600-ஐத் தொடும் வாக்கில் டோக்கியோவில் பூக்கும். துல்லியமான விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது, ஆனால் உத்தேசமாகக் கைகொடுக்கும். எங்கள் குழுவில் ஒரு அண்ணன் இதை நோட்டில் எழுதியே கூட்டுவார்.

ஒரு வருஷத் தேதியை வைத்து அடுத்த வருஷத்தை முடிவு செய்யவே கூடாது. 2020-ல் மார்ச் 14-க்கே பூத்தது. 2024-ல் மார்ச் 29 வரை இழுத்து, ஏப்ரல் 4-ல்தான் மன்காய் வந்தது. அந்த 2020-லேயே மார்ச் 29 அன்று முழுதாகப் பூத்திருந்த மரங்கள்மேல் டோக்கியோவில் பனி கொட்டியது. வெள்ளைமேல் வெள்ளை. ஆக, மார்ச் நடுவில் வரும் கணிப்பைப் பார்த்து ஒரு தேதியும் அதற்கு மாற்றாக இன்னொரு தேதியும் குறித்து வைத்து, இரண்டில் ஒன்று கடைசி இரண்டு நாளில் முடிவாகும் என்று எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மன்காய் அறிவித்த நாளும் அதற்கடுத்த மூன்று நாலு நாளும் மிகச் சிறந்தவை. மன்காய்க்கு இரண்டு நாள் முன்னால் போனாலும் குறையொன்றும் தெரியாது.

அந்தக் கடைசி முடிவை எடுக்கும்போது வெப்பநிலையைவிடக் காற்றைப் பாருங்கள். வெயில் அடித்து, காற்றில்லாத 11 டிகிரியில் நாள் முழுக்க உட்காரலாம். காற்று வீசும் 16 டிகிரியில் ஒரு மணி நேரம்கூட முடியாது, காகிதத் தட்டு பறக்கும், தார்ப்பாய் எழும்பும், பேச்சே கேட்காது. மன்காய்க்குப் பிறகு மழை என்று போட்டிருந்தால் யோசிக்காமல் தேதியை முன்னால் இழுங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது இங்கே மழைக்கு முன்னால் உட்கார்ந்துகொள் என்றாகும்.

இடம் பார்ப்பது

எல்லாச் சகுரா இடமும் உட்காரும் இடமில்லை. சிதோரிகாஃபுச்சி அகழியும் மெகுரோ ஆற்றங்கரையும் படங்களில் அதிகம் வருபவை, இரண்டும் நடந்தபடி பார்ப்பதற்கு. அங்கே பாய் விரிக்க இடமுமில்லை, விடவும் மாட்டார்கள்.

உட்கார வேண்டுமென்றால் உவேனோ, யோயோகி, இனோகஷிரா, அசுகாயாமா, ஷிஞ்ஜுகு கியோஎன் என்று பட்டியல் நீளும். உவேனோ திருவிழாக் கூட்டம். அந்த இரைச்சல் பிடிக்கும் என்றால் அதைவிட நல்ல இடமில்லை, குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன். யோயோகியில் புல்வெளி பெரிது, கொஞ்சம் பிந்திப் போனாலும் மூலையில் இடம் கிடைக்கும். ஷிஞ்ஜுகு கியோஎனுக்கு 500 யென் நுழைவுக் கட்டணம், உள்ளே மது கூடாது, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். குடும்பங்களுக்கு ஏற்ற இடம் அதுதான். ஆனால் சமீப வருஷங்களில் பூ உச்சத்தில் இருக்கும் வார இறுதிக்கு முன்பதிவு கேட்கிறார்கள், அதை மறந்து வாசல் வரை வந்து திரும்புகிறவர்களைப் பார்த்தாலே கஷ்டமாக இருக்கும்.

அசுகாயாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். ஓஜி ஸ்டேஷனை ஒட்டிய சின்னக் குன்று அது. எட்டாவது தொகுகவா ஷோகுன் யோஷிமுனே 1720-களில் அங்கே சகுரா நடவைத்து, சாதாரண ஜனங்கள் வந்து உட்கார்ந்து சாப்பிடத் திறந்துவிட்டார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, 812-ல், சக்கரவர்த்தி சாகா கியோத்தோவில் பூ விருந்து வைத்தார் என்று பதிவிருக்கிறது, ஆனால் அது அரண்மனைக்காரர்களின் விருந்து. இன்று நாம் சோற்றுப்பெட்டியோடு மரத்தடியில் உட்காரும் இந்தப் பழக்கத்துக்கு அசுகாயாமா மாதிரி இடங்கள்தான் வேர்.

எங்கள் கூட்டம் போவது இதில் எதற்கும் இல்லை. எதோகவா வட்டத்தில், நிஷிகசாய் சுற்றுவட்டாரத்தில்தான் இந்தியக் குடும்பங்கள் நிறைய, தமிழர்களும் அங்கே கணிசம். எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அரகவா ஆற்றங்கரையில் கொமாத்சுகவா சென்போன்சகுரா இருக்கிறது, ஆயிரம் மரம் என்று பெயரிலேயே சொல்லிவிடுவார்கள். ஹிகாஷி ஓஜிமா ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும். இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை, வானம் விரிந்து கிடக்கும். ஒரே குறை ஆற்றுக்காற்று. சமதளமான கரையில் தடுக்க ஒன்றுமில்லாமல் நேராக வந்து முகத்தில் அடிக்கும். ஆகவே கரையின் மேட்டில் உட்காராமல், காற்றுக்கு முதுகு காட்டும் சரிவுக்குக் கீழேயோ புதர் வரிசைக்குப் பின்னாலோ இடம் பிடியுங்கள். ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எங்கே போனாலும் இரண்டு விஷயம் பார்த்துவிட்டுத்தான் பாயை விரிக்க வேண்டும். மதியம் வெயில் எந்தப் பக்கம் விழும், கழிப்பறை எவ்வளவு தூரம். குளிரில் கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும், வரிசையும் நீளம். மிக அருகிலும் வேண்டாம், நூறு இருநூறு அடி தள்ளி இருந்தால் சரி.

தரைதான் எதிரி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். நீலத் தார்ப்பாய் ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. மார்ச் கடைசியில் மண் இன்னும் குளிர்கால மண்தான், உடம்புச் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலு அடுக்கு போடுங்கள்.

அடியில் அட்டைப்பெட்டி. சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் காலிப் பெட்டிகளை எடுத்துப்போகச் சொல்லி அடுக்கி வைத்திருப்பார்கள், நாலைந்து போதும், பிரித்துத் தட்டையாக மடித்துக் கயிறு கட்டிக்கொள்ளலாம். அட்டையின் நெளிவுக்குள் அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அதன்மேல் தார்ப்பாய். தார்ப்பாய்மேல் ஒரு பக்கம் வெள்ளி பூசிய மெத்துப் பாய், நூறு யென் கடையிலேயே கிடைக்கும், வெள்ளிப் பக்கம் மேலே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துணி.

நாங்கள் விரிப்பது பவானி ஜமக்காளம். ஒருமுறை ஊருக்குப் போனபோது பெட்டியில் எடை பார்த்துப் பார்த்து வைத்துக் கொண்டுவந்தது, சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்டது. பிளாஸ்டிக்மேல் கை வைத்தால் சுரீரென்று இருக்கும், ஜமக்காளத்தில் வைத்தால் அந்த அதிர்ச்சியே இல்லை, பருத்தி நூல் கைச்சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதன்மேல் இதழ் விழுந்தால் வழுக்கி ஓடாமல் நூலில் தங்கி நிற்கும், சாயங்காலத்துக்குள் சிவப்புக் கோடெல்லாம் வெள்ளைப் புள்ளியாகிவிடும். ஜமக்காளம் இல்லாதவர்கள் பழைய கம்பளியோ கெட்டியான போர்வையோ போடலாம்.

நாலு மூலையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் வையுங்கள். பாய் பறக்காது, கை கழுவவும் ஆகும்.

உடுப்பு

ஒரே தடித்த கோட்டு போட்டுக்கொண்டு வருவதைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது, மதிய வெயிலில் ஒன்றைக் கழற்றலாம், மூன்று மணிக்கு மீண்டும் போடலாம். வெளி அடுக்கு காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். கழுத்துக்கு ஒரு மஃப்ளர் கட்டாயம்.

எல்லோரும் மறப்பது பாதம். பாயில் ஏறும்போது செருப்பு, ஷூ எல்லாம் கழற்றித்தான் ஆக வேண்டும், அப்புறம் ஆறு மணி நேரமும் சாக்ஸோடுதான் இருப்பீர்கள். கெட்டிக் கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி தனியாகப் பையில் வையுங்கள், உட்கார்ந்ததும் ஏற்கெனவே போட்டிருப்பதற்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். கழிப்பறைக்கு ஓடி வர, நாடா கட்டும் ஷூவைவிடச் சட்டென்று காலை நுழைக்கிற மாதிரி ஒன்று வசதி.

கைரோ என்று இங்கே சூட்டுப் பொட்டலம் விற்கும். உள்ளே இரும்புத் தூள், உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டுத் துருப்பிடித்துச் சூடாகும், ஒரு பகல் முழுக்கத் தாங்கும். ஒட்டும் வகையை வாங்கி, பனியனுக்கு மேலே இடுப்பின் பின்பக்கம் ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒன்று ஒட்டிக்கொண்டால் உடம்பே வேறு மாதிரி ஆகிவிடும். தோலில் நேராக ஒட்டவே கூடாது. மிதமான சூடுதானே என்று தோன்றும், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் அதுவே சுட்டுப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளுக்கு ஒட்டினால் நடுநடுவே எடுத்துப் பாருங்கள். கடைகளில் மார்ச்சில் குளிர்காலச் சாமான்களை எடுத்துவிடுவார்கள், ஆகவே பிப்ரவரியிலேயே ஒரு கட்டு வாங்கி வைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று, இது சீடர் மரமும் ஹினோக்கி மரமும் மகரந்தம் கொட்டும் பருவம். இங்கே வந்து இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் பலருக்குத் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கும். அந்தத் தொல்லை உள்ளவர்கள் மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொண்டு, முகக்கவசத்தோடு வாருங்கள்.

கட்டுச்சோறு

ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் சித்திரான்னம் கட்டிப்போய்ச் சாப்பிட்டவர்களுக்கு ஹனமியை, அதாவது பூ பார்த்தபடி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும் இந்தப் பழக்கத்தை, விளக்கவே வேண்டாம். வித்தியாசம் குளிர் ஒன்றுதான், அது சோற்றை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

பொன்னியோ பாசுமதியோ ஆறினால், அதுவும் 10 டிகிரியில் ஆறினால், விறைத்துக் குச்சி குச்சியாகிவிடும். ஜப்பானியக் குட்டை அரிசி ஆறினாலும் மெத்தென்றே இருக்கும், அதில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு என்பதால். ஒனிகிரி என்கிற சோற்று உருண்டையை மணிக்கணக்கில் கழித்துச் சாப்பிட்டாலும் நன்றாக இருப்பது இதனால்தான். ஆகவே புளியோதரையை ஜப்பான் அரிசியில் கிளறுங்கள். தண்ணீரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வேகவைத்து, அகலமான தட்டில் பரப்பி, சூட்டோடு நல்லெண்ணெய் விட்டு விசிறி ஆறவிட்டு, அப்புறம் புளிக்காய்ச்சல் சேர்த்துக் கரண்டியை நிறுத்திப் பிடித்து வெட்டுவது மாதிரிக் கலக்க வேண்டும், அழுத்தினால் களியாகிவிடும். முதல்முறை எனக்கும் நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தது. இப்போது எங்கள் கூட்டத்தில் வேறு அரிசிக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

எண்ணெய் விஷயத்தில் கவனம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், தாளிப்பில் ஊற்றினால் சாப்பிடும்போது மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். நல்லெண்ணெய் உறையாது. ஆனால் இங்கே சாதாரணமாகக் கிடைப்பது வறுத்த எள்ளில் பிழிந்த பழுப்பு எண்ணெய், அதன் வாசனை புளியோதரையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தாய்ஹகு என்று எழுதிய நிறமில்லாத எள் எண்ணெய் நம்முடையதற்குப் பக்கத்தில் வரும், இல்லையென்றால் இந்தியக் கடையில் வாங்குங்கள்.

வடை, பஜ்ஜி வேண்டாம், ஆறினால் எண்ணெய் மட்டும்தான் வாயில் நிற்கும். தயிர்சாதம் இந்தக் குளிருக்கு ஆகாது. பொடி இட்லி நன்றாகப் போகும், சின்ன இட்லியாக ஊற்றி, சூட்டிலேயே பொடியும் எண்ணெயும் புரட்டி, அகன்ற வாய் பிளாஸ்கில் அடைத்தால் மதியம் வரை ஆவி பறக்கும். உருளைக்கிழங்குப் பொரியலும் ஊறுகாயும் இருந்தால் பெரியவர்களுக்குத் திருப்தி.

எல்லாவற்றுக்கும் மேலே மிளகு ரசம். இரண்டு லிட்டர் பிளாஸ்க் ஒன்று வாங்குங்கள், அதில் முதலில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் ரசத்தை ஊற்றி மூடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் எவர்சில்வரே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். போன வருஷம் பக்கத்துப் பாயில் இருந்த ஒரு பாட்டியம்மா எங்கள் ரசத்தின் ஆவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தோம். இரண்டு கையாலும் கோப்பையை மூடிப் பிடித்து, முதலில் கைக்குச் சூடு வாங்கி, அப்புறம் ஒரு மடக்கு குடித்து, மிளகு தொண்டையில் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு 'அத்தமாரு' என்றார். சூடேறுது என்று அர்த்தம். பத்து நிமிஷத்தில் அவருடைய பேரன் ஒரு பெட்டி தாங்கோவோடு வந்து நின்றான்.

தாங்கோ பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூவைவிடத் தாங்கோ மேல் என்று ஜப்பானியப் பழமொழியே உண்டு. ரோஜா நிறம், வெள்ளை, பச்சை என்று மூன்று அரிசிமாவு உருண்டையைக் குச்சியில் கோத்தது ஹனமி தாங்கோ, நம் கொழுக்கட்டைக்குச் சொந்தக்காரன் மாதிரி. சகுரா இலையை உப்பில் ஊறவைத்துச் சுற்றிய சகுராமோச்சியையும் வாங்குங்கள், அந்த இலையின் வாசனைதான் அதில் விசேஷம். சைவர்கள் இவற்றை அநேகமாகத் தைரியமாகச் சாப்பிடலாம். இனாரிசூஷி அப்படியில்லை, வெளியே பார்த்தால் வறுத்த தோஃபுப் பைக்குள் சோறு, ஆனால் அந்தப் பையை மீன் சாற்றில் கொதிக்கவைப்பதுதான் வழக்கம். பிளம் ஊறுகாய் ஒனிகிரியில்கூட மீன் சாறு சேர்ப்பதுண்டு, உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

குடிக்கச் சுக்குக் காபி இன்னொரு பிளாஸ்கில். பனைவெல்லம் போட்டால் ஜப்பானிய நண்பர்களும் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். கடைகளில் அமசகே கிடைக்கும், அரிசியைக் கோஜி என்கிற பூஞ்சை சேர்த்துப் புளிக்கவைத்த சூடான இனிப்புக் கஞ்சி. கோஜியில் செய்ததில் போதை இல்லை, சாகே என்கிற அரிசி மதுவின் சக்கையில் செய்ததில் கொஞ்சம் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். தானியங்கி இயந்திரத்தில் சிவப்புப் பட்டை போட்டவை சூடு, நீலப் பட்டை குளிர், மார்ச் கடைசியில் சிவப்பு குறைந்துகொண்டே வரும், அதை நம்பிப் போகாதீர்கள்.

மது அருந்துகிறவர்களுக்கு: உடம்பு சூடாவது மாதிரித்தான் தோன்றும், உண்மையில் தோலுக்கு ரத்தம் ஏறி உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நண்பர் மேல் ஒரு போர்வையைப் போடுங்கள்.

அன்றைய பொழுது

இடம் பிடிப்பதற்கு பஷோதோரி என்று பெயர். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவரை விடிகாலையில் அனுப்பி உட்காரவைப்பது இங்கே பழைய வழக்கம். நண்பர்கள் கூட்டத்தில் ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராகப் போகட்டும், ஒருவர் எழுந்து நடந்து சூடேற்றிக்கொள்ளும்போது மற்றவர் பாயில் இருக்கலாம். பாயை விரித்து வைத்துவிட்டு ஆளே இல்லாமல் போனால் பல பூங்காக்களில் எடுத்துவிடுவார்கள். வார இறுதியில் ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள். எத்தனை பேர் வருவோமோ அந்த அளவுக்கு மட்டும் பாய் விரிப்பது மரியாதை.

சாப்பாட்டை ஒரே வேளையாக வைக்காதீர்கள். வந்ததும் சுக்குக் காபி, பன்னிரண்டுக்கு ரசமும் சோறும், இரண்டரைக்குத் தாங்கோ, இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் உடம்புக்குச் சூடு ஏறும். நடுவில் எல்லோரும் ஒருமுறை எழுந்து ஒரு சுற்று நடந்து வாருங்கள். அப்போது ஒரு கிளையைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். புதிதாக விரிந்த பூவின் நடு வெளுத்துப் பச்சை கலந்திருக்கும், உதிரப்போகும் பூவின் நடு கருஞ்சிவப்பாகியிருக்கும். கிளையெல்லாம் நடு சிவந்திருந்தால் இன்றோ நாளையோ கொட்டும். முழுப் பூவே காம்போடு சுழன்று விழுந்தால் மேலே பாருங்கள், சிட்டுக்குருவி தேனுக்காக அடியைக் கொத்தி எறிந்திருக்கும். நம் ஊர்க் கொண்டைக்குருவிக்கு உறவான ஹியோதோரி அப்படிப் பறிக்காது, மூக்கை உள்ளே விட்டுக் குடிக்கும், அதனால் முகமெல்லாம் மஞ்சள் மகரந்தமாக இருக்கும்.

மார்ச் கடைசியில் ஆறு மணிக்குச் சூரியன் விழும், ஆனால் நான்கு மணிக்கே சூடு போய்விடும். விளக்கு வெளிச்சத்தில் பூப் பார்க்கும் யோசகுரா வேண்டுமென்றால் நான்கரைக்குப் பாயைச் சுருட்டிவிட்டு, எங்கேயாவது சூடாக உட்கார்ந்து, அப்புறம் நடந்தபடி பாருங்கள்.

மரத்துக்குச் செய்ய வேண்டியது

பாயை அடிமரத்தை ஒட்டி விரிக்காதீர்கள், இரண்டு மூன்று அடியாவது தள்ளி விரியுங்கள். சகுராவின் வேர் மேலாகவே ஓடும், ஜனங்கள் மிதித்து மண் இறுகினால் மரம் மூச்சுத் திணறும். கிளையை வளைத்துப் படம் எடுப்பது, குலுக்கி இதழைக் கொட்டவைப்பது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. சகுராவை வெட்டுபவன் முட்டாள், பிளம்மை வெட்டாதவன் முட்டாள் என்று இங்கே சொல்வார்கள். சகுராவில் காயம் பட்டால் அந்த இடத்தில் அழுகல் எளிதாக நுழைந்துவிடும். குழந்தைகளுக்கு இதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள், உதிர்ந்த பூ வேண்டிய அளவு தரையிலேயே கிடைக்கும்.

அடுப்பு, நெருப்பு பெரும்பாலான பூங்காக்களில் அனுமதி இல்லை, ஆகவே சூடு எல்லாம் பிளாஸ்கில்தான். ஒலிபெருக்கி வேண்டாம். குப்பையை வீட்டுக்கே கொண்டுபோகத் தயாராக வாருங்கள், எரியும் குப்பைக்கு ஒரு பை, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, பாட்டிலுக்கும் டின்னுக்கும் ஒன்று என்று மூன்று பையை வந்ததுமே பாயின் ஓரத்தில் கட்டி வைத்தால் கடைசியில் குனிந்து பொறுக்கும் வேலை இல்லை. மீதி ரசத்தை மரத்தடியில் ஊற்றாதீர்கள், உப்பு வேருக்கு ஆகாது.

திரும்பி வந்ததும்

ஜமக்காளத்தை வீட்டுக்குள் உதற வேண்டாம். பூங்காவிலேயே இரண்டு பேர் பிடித்து நன்றாக உதறி, உள்பக்கமாகச் சுருட்டிக் கொண்டுவாருங்கள், இதழோடு மகரந்தமும் ஒட்டியிருக்கும், ராத்திரி முழுக்கத் தும்ம நேரிடும். அட்டை ஈரமாகியிருந்தால் போட்டுவிடுங்கள், பாய்களைத் துடைத்துக் காயவைத்து அதே பையில் வையுங்கள்.

பையை உடனே பரணில் ஏற்றிவிட வேண்டாம். சோமேய் யோஷினோ முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் யாயேசகுரா தொடங்கும், அடுக்கடுக்கான இதழ், செவ்வந்தி மாதிரிக் கனத்துத் தொங்கும், நிறமும் அடர்த்தி. ஷிஞ்ஜுகு கியோஎனில் அந்த ரகங்கள் நிறைய, கூட்டமும் முன்னளவுக்கு இருக்காது. இந்தமுறை வர முடியாமல் போன நண்பருக்கு அன்றிரவே செய்தி அனுப்பி, ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிறைக் குறித்துவிடுங்கள். அதற்குள் குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும், ஆனாலும் கம்பளிச் சாக்ஸும் ரசப் பிளாஸ்கும் பையிலேயே இருக்கட்டும்.